லாரிக்குப் பிறந்த பஸ்

எங்கள் பரமத்தி வேலூர் வழியாகத்தான் சேலம் - கரூர் நெடுஞ்சாலை போகிறது (முன்பு என்.எச். 7, இப்போது 44). அந்த ரோட்டில் கூண்டே இல்லாத வண்டிகள் வரிசையாகப் போவதைப் பார்க்கலாம். இரண்டு நீள இரும்புச் சட்டம், ஆறு டயர், முன்னால் ஒரு எஞ்சின், அதன் பின்னால் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வெயிலில் ஒரு டிரைவர். அவ்வளவுதான் வண்டி. ஓசூர் பக்கமிருந்து வரும் இந்த சேஸ்கள் காவிரிப் பாலத்தைத் தாண்டி கரூர் பட்டறைக்குப் போய் பஸ்ஸாக வெளியே வரும். ஏறக்குறைய இதே மாதிரி ஒரு சேஸ் நாமக்கல்லிலேயே நின்றுவிட்டால் அது லாரி. நம் ஊர் பஸ்ஸின் சரித்திரமே இதில் அடங்கிவிட்டது என்று எனக்குத் தோன்றும்.

ஆரம்பத்தில் உலகம் முழுக்க இப்படித்தான். சரக்கு ஏற்றும் சட்டத்தின் மேல் மரக்கூண்டு கட்டி, பெஞ்சு போட்டு, ஆட்களை ஏற்றினார்கள். ஜி.டி.நாயுடு 1920-ல் பொள்ளாச்சி - பழனி வழியில் ஒற்றை பஸ்ஸோடு தொழிலைத் தொடங்கிய காலத்தில், பஸ்ஸுக்கென்று தனியாக சேஸ் செய்வது உலகத்திலேயே அபூர்வம். அன்றைக்கு அதைக் குறை சொல்ல முடியாது. சாலை மண் சாலை, மழை பெய்தால் சேறு. உயரமான, முரட்டு வண்டிதான் போய்ச் சேரும். இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் கிடைக்காதபோது டி.வி.எஸ். போன்றவர்கள் கரி வாயுவில் பஸ் ஓட்டினார்கள். அந்த அடுப்பையும் சுமந்தது அந்த முரட்டுச் சட்டம்தான்.

ஆனால் மற்ற நாடுகள் அங்கேயே நிற்கவில்லை. அமெரிக்காவில் ஃபேஜியோல் சகோதரர்கள் 1920-களின் தொடக்கத்திலேயே, "மனிதர்கள் ஏறுவதற்கு எதற்கு லாரி?" என்று கேட்காத குறையாக, தாழ்வான சட்டத்தில் 'சேஃப்டி கோச்' என்ற பஸ்ஸை செய்தார்கள். இங்கிலாந்தின் லேலண்டு கம்பெனி 1927-ல் டைட்டன் என்ற மாடி பஸ்ஸைக் கொண்டுவந்தது. சட்டத்தை அச்சுக்கு மேலே வளைத்து, நடுவில் தாழ்த்தியிருந்தார்கள். ஏறுவது எளிதானது, வண்டி சாயும் பயமும் குறைந்தது.

இங்கேதான் எனக்குச் சிரிப்பு வரும். 1948-ல் ரகுநந்தன் சரண் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், அதே லேலண்டோடு கைகோத்து 1955-ல் அசோக் லேலண்டு ஆனது. 1954-ல் டாடா, பென்ஸோடு சேர்ந்து லாரி செய்ய வந்தது. இரண்டுமே நமக்குப் பல பத்தாண்டுகள் பெரும்பாலும் கொடுத்தது லாரியின் தம்பியைத்தான். தாழ்வான பஸ் செய்யத் தெரியாமல் இல்லை. நாம் கேட்கவில்லை! முதலாளிக்கு விலை குறைவு, லாரி பாகங்களே பஸ்ஸுக்கும் பொருந்தும், எந்த ஊர் மெக்கானிக்கும் பிரித்து மாட்டுவார். லாரித் தொழிலே உயிர்மூச்சான நாமக்கல் பக்கத்தில் இது சின்ன வசதி அல்ல. 1970-களில் பஸ்கள் அரசுடைமை ஆகி, சேலத்தில் அண்ணா போக்குவரத்துக் கழகம் வந்தபோதும் முதலாளிதான் மாறினார், சேஸ் மாறவில்லை.

இதன் விலையைக் கொடுத்தது யார்? ஏறியவர்கள். லாரிச் சட்டம் நேராக அச்சுக்கு மேலே ஓடுவதால் பஸ்ஸின் தளம் தரையிலிருந்து சுமார் 1100 மில்லிமீட்டர் உயரத்தில் நிற்கிறது. வெற்றிலைக் கட்டோடு வரும் அறுபது வயது அம்மாவுக்கு முதல் படியே முட்டிக்கு மேல். கைப்பிடியை எட்டிப் பிடிப்பதற்குள் "சீக்கிரம் ஏறும்மா" என்று விசில் வேறு. சக்கர நாற்காலிக்காரர் ஏறவே முடியாது. அடுத்தது பட்டை ஸ்பிரிங். பத்து டன் சரக்குக்காக அடுக்கிய பட்டை அது. ஆளுக்கு 60 கிலோ என்று 60 பேர் உட்கார்ந்தாலும் 3.6 டன்தான். பட்டை வளைந்தே கொடுக்காது. பின்னாளில் பஸ்ஸுக்கென்று பட்டையை மாற்றினார்கள், உண்மைதான். இருந்தாலும் பின் அச்சுக்கு அப்பால் தொங்கும் கடைசி சீட்டில் உட்கார்ந்து பாருங்கள். வேகத்தடைக்கு வேகத்தடை தலை கூரையை விசாரித்துவிட்டு வரும். டிரைவர் பாடு இன்னும் மோசம், நாள் முழுக்கப் பக்கத்தில் கொதிக்கும் எஞ்சின்.

"கிராமத்து ரோட்டுக்குத் தாழ்தள பஸ் சரிப்படுமா, அடி தட்டாதா?" என்று கேட்பவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் 400 மில்லிமீட்டர் தளம் மட்டுமே தாழ்தளம் இல்லை. மத்திய அரசு 2008-ல் நகரப் பேருந்துகளுக்கு வகுத்த அளவுகளிலேயே 400, 650, 900 என்று மூன்று உயரங்கள் உண்டு. நம் டவுன் பஸ் போகிற ஊர்களில் பெரும்பாலும் தார்ச்சாலை வந்துவிட்டது. 650 முடியாத வழியில் 900-மாவது கேட்கலாமே. சென்னையில் மாற்றுத்திறனாளிகள் உயர்நீதிமன்றம் வரை போய் வாதாடிய பிறகு, 2024 ஆகஸ்டில் தாழ்தள பஸ்கள் ஓடத் தொடங்கின. 2021-ல் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்றார்கள், நல்ல காரியம். டிக்கெட்டை எடுத்தார்கள், படியை இறக்கவில்லை.

எனக்குள்ள ஒரே தயக்கம் கரூர் பட்டறைகள். கம்பெனியே முழு பஸ்ஸாகச் செய்து அனுப்பினால், வெல்டிங் அடிப்பவரும் தகரம் தட்டுபவரும் சீட்டு தைப்பவரும் என்ன செய்வார்கள்? அதனால் அரசு டெண்டர் போடும்போது தாழ்வான, எஞ்சின் பின்னால் உள்ள சேஸ்தான் வேண்டும் என்று கம்பெனிகளிடம் கண்டிப்பாகக் கேட்கட்டும். கூண்டு கட்டும் வேலையைக் கரூரிலேயே விடட்டும். மரத்திலிருந்து இரும்புக்கும் அலுமினியத்துக்கும் மாறிய கைகள் அவை, இதையும் கற்றுக்கொள்ளும்.