வீடு திரும்பும் முதியோர்

'மருந்து' என்னும் அதிகாரத்தை முடிக்கும் குறளில் திருவள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுத்துரைத்தார். நோயுற்றவன், நோயைத் தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து துணைபுரிபவன் என்பன அவை. முதல் மூன்றின் பொருட்டு நம் நாட்டில் நிகழ்ந்துள்ள முயற்சி பெரிது. மாவட்டந்தோறும் வைத்தியசாலைகள் எழுந்தன. 2008ஆம் ஆண்டு முதல் 108 என்னும் எண்ணை அழைத்தால் ஊர்தி வந்து நோயாளரைக் கொண்டு செல்கின்றது. நான்காவது கூறோ, வீட்டிலுள்ள மனைவியின் தோளிலேனும் மருமகளின் தோளிலேனும், ஒருவரும் கற்பியாது ஏற்றிய சுமையாகவே இன்றும் இருக்கின்றது. இக்குறை மிகத் தெளிவாக வெளிப்படுவது, முதியவர் ஒருவர் வைத்தியசாலையினின்று தம் கிராமத்துக்குத் திரும்பும் நாளில். அந்நாளைக் குறித்தே யாம் ஈண்டுச் சில கூற விரும்புகின்றோம்.

2011ஆம் ஆண்டின் குடிமதிப்பின்படி, தமிழ்நாட்டு மக்களுள் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேற்பட்டோர் அறுபது வயதைக் கடந்தவர். அவருட் பலர் கிராமங்களில் வாழ்பவர். மக்கள் திருப்பூருக்கும் சென்னைக்கும் வளைகுடா நாடுகளுக்கும் பிழைப்பு நாடிச் சென்றுவிட, கிழவனும் கிழவியுமாய் எஞ்சிய வீடுகள் எத்துணை என்பதை ஊரறியும். அத்தகைய வீட்டினின்று பக்கவாதத்தாலோ, இதயத் தளர்ச்சியாலோ, இடுப்பெலும்பு முறிந்தோ ஒருவர் நகரத்து வைத்தியசாலைக்குச் செல்கின்றார். அங்கே நாழிகைக்கு நாழிகை அவரைக் கவனிப்பார் உண்டு. பத்தாம் நாள், 'இனி வீட்டுக்குச் செல்லலாம்' என்ற சொல்லோடு, ஆங்கிலத்தில் எழுதிய தாள் ஒன்றும் மாத்திரைகளும் ஒரு மஞ்சட்பையில் இட்டுத் தரப்படுகின்றன. அவசரத்துக்கென அமைந்த ஊர்தி திரும்பும் வழிக்கு உரியதன்று. ஆதலின் இரண்டு பேருந்து மாறியோ, வாடகை வண்டிக்குக் கடன் வாங்கியோ வீடு சேர்கின்றனர். அன்றிரவு முதல் அவரைப் பற்றிய பொறுப்பு யாருடையது? வைத்தியசாலை தன் கணக்கை முடித்துவிட்டது. ஊரிலுள்ள சுகாதார நிலையமோ அவர் திரும்பியதையே அறியாது.

இவ்விடைவெளியில் நேரும் கேடுகள் பெரும்பாலும் எளிதில் தவிர்க்கத்தக்கவை. ஒரே மருந்து இருவேறு வணிகப் பெயர்களோடு விற்கப்படுவதால், வீட்டில் முன்னிருந்த மாத்திரையையும் புதிதாய்த் தந்த மாத்திரையையும் சேர்த்து விழுங்கி மயங்கி வீழ்வார் உளர். இதயத் தளர்ச்சியுடையார்க்கு உப்புக் குறைய வேண்டும் என்பர். ஊறுகாயும் கருவாடும் அதனுள் அடங்கும் என்று விளக்குவார் இலர். சில நாட்களில் உடலின் எடை விரைந்து ஏறுவது உள்ளே நீர் சேர்வதன் அறிகுறி என்பதைச் சொல்லியிருந்தால், மூச்சு முட்டும் வரை அவர் காத்திருக்க நேராது. பக்கவாதத்தால் விழுங்கும் ஆற்றல் குன்றியவர்க்குப் படுத்தவாறே கஞ்சி புகட்டினால், அது மூச்சுக்குழலிற் சென்று நுரையீரலைக் கெடுக்கும். எழ இயலாதாரை இரண்டு மணிக்கொரு முறை புரட்டிப் படுக்கவையாவிடின் படுக்கைப்புண் தோன்றும். இவற்றுள் எதற்கும் விலையுயர்ந்த கருவி வேண்டுவதில்லை. சொல்லிக் கொடுப்பாரும் வந்து பார்ப்பாருமே வேண்டும்.

இது வெறும் விருப்பமன்று என்பதற்குச் சான்று உண்டு. அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் மேரி நெய்லர் என்னும் செவிலிப் பேராசிரியையும் அவருடன் உழைத்தோரும் 1999இல் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டனர். முதியோர் சிலரை, வைத்தியசாலையில் இருக்கும்போதே தேர்ந்த செவிலியர் பொறுப்பேற்று, வீடு சென்றபின் நான்கு வாரம் பின்தொடர்ந்தனர். ஏனையோர் வழக்கம்போல அனுப்பப்பட்டனர். இருபத்துநான்கு வாரத்துள் மீண்டும் சேர்க்கப்பட்டோர் வழக்கப்படி அனுப்பப்பட்டவருள் நூற்றுக்கு 37. செவிலியர் பின்தொடர்ந்தவருள் 20 மட்டுமே. கடல் கடந்து செல்லாமலே காணவும் கூடும். கோழிக்கோட்டில் 1993இல் தோன்றிய வலிதணிப்புச் சங்கத்தின் வழியே, கேரளத்து ஊரார் தீரா நோயாளரை வீடு தேடிச் சென்று பேணக் கற்றனர். 2008இல் அந்நாட்டு அரசு அதனைத் தன் கொள்கையாகவே ஏற்றது. தமிழ்நாட்டிலும் 2021ஆம் ஆண்டு ஆகஸ்டு 5ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியபொழுது, மருந்து வாசற்படி ஏறி வரக்கூடும் என்பது நிலைநாட்டப்பட்டது.

ஆகவே யாம் வேண்டுவன மூன்று. ஒவ்வொரு பெரிய வைத்தியசாலையும், முதிய நோயாளர் ஒவ்வொருவர்க்கும் பொறுப்பாளர் ஒருவரைப் பெயர் குறித்து அமைத்தல் வேண்டும். ஐயம் நேரின் அழைப்பதற்கு அவருடைய தொலைபேசி எண் அவ்வீட்டில் இருத்தல் வேண்டும். எந்த மாத்திரை எப்பொழுது, பழைய மாத்திரைகளுள் எவற்றை விலக்குவது, எவ்வறிகுறி கண்டால் உடனே வருவது என்பவற்றைப் பெரிய எழுத்தில் தமிழில் எழுதித் தருவதோடு, பேணுபவரைத் திருப்பிச் சொல்லச் செய்து கேட்டல் வேண்டும். நோயாளர் புறப்படும் அன்றே ஊர்ச் செவிலிக்குச் செய்தி சென்று, ஒரு வாரத்துள் அவர் அவ்வீட்டை மிதித்தல் வேண்டும்.

இதற்கு ஆளும் பொருளும் ஏது என்று வினவுவார் உளர். கிராமச் செவிலியர்க்கு இப்போதே சுமை மிகுதி என்பது மெய். அதனை யாம் மறுக்கவில்லை. புதிய வேலையைச் சுமத்துவதாயின் புதிய ஆட்களையும் அமர்த்தவே வேண்டும். ஆயினும், தவறான மருந்தால் மீண்டும் சேரும் ஒரு முதியவர்க்குப் படுக்கையும் மருந்தும் வைத்தியர் பொழுதும் இரண்டாம் முறை செலவாகின்றன. உடனிருக்கும் மகனுக்கோ பல நாட்கூலி இழப்பாகின்றது. அச்செலவு எவர் ஏட்டிலும் ஒருங்கே எழுதப்படாமையால், செலவில்லாதது போல் தோன்றுகின்றது.

நம் கல்லூரி மாணவருட் பலர் கிராமங்களினின்று வந்தவர். அவர்க்கு யாம் சொல்வது ஒன்று. விடுமுறைக்கு ஊர் செல்லும்பொழுது, அண்டை வீட்டு முதியவரின் மஞ்சட்பையை வாங்கி, அதிலுள்ள தாளைப் படித்துத் தமிழில் எடுத்துரையுங்கள். விளங்காததைத் தாமே ஊகியாது, சுகாதார நிலையத்திற் கேட்டு வந்து சொல்லுங்கள். கற்ற ஆங்கிலம் அன்று ஓர் உயிருக்கு உதவும். அரசும் வைத்தியசாலைகளும் செய்ய வேண்டுவதை அது ஈடுசெய்யாது. எனினும் அவை செய்யும் வரையில், வள்ளுவர் கூறிய நான்காமவரின் இடம் வெறுமையாய்க் கிடத்தல் தகாது.