நாலு கோருக்குப் பத்து வருஷம்

ஒரு சந்தையில் ஆயிரம் வியாபாரிகள் இருந்தால் விலை எப்படி அமையும் என்பதை காமர்ஸ் பாடப்புத்தகம் இரண்டு கோடுகளை வரைந்து சுலபமாகச் சொல்லிவிடும். ஒரே ஒரு வியாபாரி என்றாலும் சுலபம்தான். இரண்டே இரண்டு பேர் என்றால்தான் தலைவலி. 'டுவோபொலி' என்கிற அந்த அத்தியாயத்தைப் பரீட்சைக்கு முதல் நாள் நைசாகத் தாண்டிவிடுகிறவர்கள்தான் அதிகம். அவர்கள் டெஸ்க்டாப் ப்ராசஸர்களின் கதையை ஒருமுறை பார்த்தால் போதும். சொந்தமாக கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்கிறவருக்கு இன்டெல், இல்லாவிட்டால் ஏஎம்டி. மூன்றாவது கடை கிடையாது. (ஆப்பிளும் சிப் வடிவமைக்கிறது. ஆனால் அதைத் தன் மேக்குக்குள் வைத்துத்தான் விற்கிறது, தனியாகத் தராது. எனவே அதை விட்டுவிடலாம்.)

முதலில் கோர் எப்படி வந்தது என்று பார்த்துவிடுவோம். 2004 வரை போட்டியெல்லாம் கிகாஹெர்ட்ஸில்தான். யாருடைய சிப் வேகமாகத் துடிக்கிறது என்பதே விளம்பரம். பென்டியம் 4 சிப் 3.8 கிகாஹெர்ட்ஸ் வரை வந்தது. அதற்கு மேல் ஓட்டினால் சூடு தாங்கவில்லை. 4 கிகாஹெர்ட்ஸ் சிப்பை அறிவித்துவிட்டுக் கைவிட வேண்டி வந்ததால், அப்போதைய இன்டெல் தலைவர் கிரெய்க் பாரெட் 2004 அக்டோபரில் ஒரு மாநாட்டு மேடையில் மண்டியிட்டு மன்னிப்புக் கேட்டார். (விளையாட்டாகத்தான். ஆனாலும் மேடையில் மண்டியிட்ட கம்பெனித் தலைவர்கள் எத்தனை பேர்?) வேகத்தைக் கூட்ட முடியாவிட்டால் ஆளைக் கூட்டு! கணக்குப் போடுகிற ஒரு ஆளுக்குப் பதிலாக ஒரே சிப்பில் இரண்டு ஆட்கள். 2005-ல் இரண்டு கம்பெனிகளும் டூயல் கோர் ப்ராசஸர்களைக் கொண்டு வந்தன.

அடுத்த இரண்டு வருடங்கள் வாடிக்கையாளருக்குப் பொற்காலம். 2006-ல் கோர் 2 டுவோ. 2007 ஜனவரியில் நாலு கோர் கொண்ட கியூ6600, விலை 851 டாலர். அதே சிப் அதே வருடம் ஜூலையில் 266 டாலர்! ஆறு மாதத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே. ஏஎம்டியின் நாலு கோர் ஃபீனம் அப்போது கடைக்குக்கூட வரவில்லை, வரப்போகிறது என்ற செய்திதான் இருந்தது. ஜனவரி சிப்புக்கும் ஜூலை சிப்புக்கும் இடையே சிலிக்கன் மலிவாகிவிடவில்லை. பக்கத்துக் கடைக்காரன் ஷட்டரைத் தூக்குகிற சத்தம் கேட்டது, அவ்வளவுதான்.

இதன் பிறகு நடந்ததைத்தான் நிதானமாகப் பார்க்க வேண்டும். ஃபீனம் தாமதமாக வந்தது, வந்தபோது ஒரு பிழையோடு வந்தது. ஏஎம்டி 2006-ல் ஏடிஐ கம்பெனியை வாங்கியதில் கடன் வேறு. கம்ப்யூட்டர் தயாரிப்பாளர்களுக்குத் தள்ளுபடி கொடுத்து இன்டெல் தன் வழியை அடைக்கிறது என்று 2005-ல் வழக்குப் போட்டது. 2009-ல் இன்டெல் 125 கோடி டாலர் கொடுத்துச் சமாதானம் செய்துகொண்டது. பணம் வந்தது, போன வருடங்கள் வரவில்லை. 2011-ல் ஏஎம்டி விட்ட புல்டோசர் சிப்புகள் எடுபடவில்லை. ஆக, பக்கத்துக் கடையில் ஷட்டர் பாதி இறங்கிவிட்டது.

இன்டெல் என்ன செய்தது? 2011 ஜனவரியில் ஐ7-2600கே: நாலு கோர், 317 டாலர். 2017 ஜனவரியில் ஐ7-7700கே: நாலு கோர், 339 டாலர். நடுவில் ஆறு வருடங்கள். கியூ6600-லிருந்து கணக்கெடுத்தால் முழுதாகப் பத்து வருடங்கள்! 2600கே சிப்பின் பரப்பு 216 சதுர மில்லிமீட்டர், 7700கே சிப்பின் பரப்பு சுமார் 125. அதிலும் கணிசமான இடத்தை கிராஃபிக்ஸ் எடுத்துக்கொண்டது. சின்னதாகச் செய்யச் செய்ய மிச்சமான சிலிக்கனில் கூடுதல் கோர் வைத்திருக்கலாம். வைக்கவில்லை. ஒவ்வொரு தலைமுறையிலும் வேகம் கொஞ்சம் கூடியது உண்மைதான், அதை மறைப்பது நியாயமில்லை. ஆனால் கூடுதல் கோர் வேண்டும் என்றவர்களுக்கு வேறு மாடிக்கு வழி காட்டினார்கள். 2016-ல் பத்து கோர் கொண்ட ஐ7-6950எக்ஸ் 1723 டாலர், அதற்குத் தனி மதர்போர்டு. பாடப்புத்தக மொழியில் சந்தையைக் கூறுபோடுதல்.

இன்டெல் பக்கம் பேசுகிறவர்கள் இரண்டு வாதம் வைப்பார்கள். முதலாவது, சாஃப்ட்வேர்கள் நாலு கோருக்கு மேல் பயன்படுத்தத் தெரியாதவை, கொடுத்தால் வீண். இதில் விஷயம் இல்லாமல் இல்லை. கல்யாணச் சமையலில் காய் நறுக்கப் பத்துப் பேர் வந்தால் வேலை சீக்கிரம் முடியும். சாம்பார் கொதிக்க ஆகும் நேரத்தை பத்துப் பேர் சுற்றி நின்றாலும் குறைக்க முடியாது. ஜீன் ஆம்டால் 1967-லேயே சொன்ன கணக்கு இது: ஒரு வேலையில் கால் பங்கு பிரிக்க முடியாததாக இருந்தால் எத்தனை கோர் போட்டாலும் நாலு மடங்குக்கு மேல் வேகம் வராது. சரி. ஆனால் எல்லோரிடமும் நாலு கோர்தான் இருக்கிறது என்றால் எட்டு கோருக்கு எந்த புரோகிராமர் மெனக்கெட்டு எழுதுவார்? வண்டி இல்லை என்பதால் ரோடு போடவில்லை, ரோடு இல்லை என்பதால் வண்டி விற்கவில்லை என்கிற கதை.

இரண்டாவது வாதம் தொழில்நுட்பம். இன்டெல்லின் 10 நானோமீட்டர் தொழில்நுட்பம் வருடக்கணக்கில் தாமதமானது, அதனால்தான் கோர்களைக் கூட்ட முடியவில்லை என்பார்கள். தாமதமானது நிஜம். ஆனால் பிறகு நடந்ததைப் பாருங்கள். 2017 மார்ச்சில் ஏஎம்டி ரைசனோடு திரும்பி வந்தது. எட்டு கோர் ரைசன் 7 1700-ன் விலை 329 டாலர், 1800எக்ஸ் 499 டாலர். அன்றைக்கு இன்டெல்லின் எட்டு கோர் ஐ7-6900கே ஆயிரம் டாலருக்கு மேல். உடனே அதே அக்டோபரில் இன்டெல்லின் ஐ7-8700கே, ஆறு கோர். அடுத்த வருடம் ஐ9-9900கே, எட்டு கோர். 2020-ல் ஐ9-10900கே, பத்து கோர். இந்த மூன்றும் எந்தத் தொழில்நுட்பத்தில் செய்யப்பட்டவை தெரியுமா? அதே பழைய 14 நானோமீட்டர்! 2014 முதல் கையில் இருந்தது. பத்து வருடம் முடியாதது பத்து மாதத்தில் முடிந்துவிட்டது.

இதைவிடக் கூத்து 2019-ல். பதினெட்டு கோர் ஐ9-9980எக்ஸ்இ விலை 1979 டாலராக இருந்தது. ஏஎம்டி சாதாரண மதர்போர்டிலேயே பதினாறு கோர் ரைசன் 9 3950எக்ஸை 749 டாலருக்கு அறிவித்தது. இன்டெல்லின் அடுத்த பதினெட்டு கோர் ஐ9-10980எக்ஸ்இ 979 டாலருக்கு வந்தது. ஆயிரம் டாலர் ஒரே இரவில் ஆவியாகிவிட்டது. முந்தின மாதம் 1979 கொடுத்து வாங்கியவர் அந்தச் செய்தியைப் படித்த காலைப் பொழுதை நினைத்துப் பாருங்கள்.

2018 ஜூனில் தைவான் கண்காட்சியில் இன்டெல் 28 கோர் சிப் ஒன்றை 5 கிகாஹெர்ட்ஸில் ஓட்டிக் காட்டியது. கூட்டம் கைதட்டியது. மேஜைக்குக் கீழே தொழிற்சாலைகளில் வைக்கிற பெரிய குளிரூட்டி மறைவாக ஓடிக்கொண்டிருந்தது பிறகுதான் வெளியே வந்தது. மறுநாள் ஏஎம்டி 32 கோர் த்ரெட்ரிப்பரைக் காட்டிவிட்டது. எண் எண்ணாகவே துரத்தப்பட ஆரம்பித்தால் இதெல்லாம் நடக்கும்.

எண்ணில் விளையாடியதில் ஏஎம்டியும் சளைத்ததல்ல. 2011-ல் எஃப்எக்ஸ்-8150 சிப்பை எட்டு கோர் என்று விற்றது. உள்ளே இரண்டிரண்டு கோராக ஜோடி சேர்த்து, ஒவ்வொரு ஜோடிக்கும் தசமக் கணக்குப் போடும் பகுதி ஒன்றுதான். இரண்டு பேருக்கு ஒரு கால்குலேட்டர். இது எட்டா, நாலா? அமெரிக்காவில் வாங்கியவர்கள் 2015-ல் வழக்குப் போட்டார்கள். 2019-ல் 1.21 கோடி டாலர் கொடுத்து ஏஎம்டி முடித்துக்கொண்டது. தீர்ப்பு வரை போகாததால் கோர் என்றால் என்ன என்று எந்த நீதிபதியும் சொல்லாமலே போய்விட்டது. 2021-லிருந்து இன்டெல் பெரிய கோர், சின்ன கோர் என்று கலந்து கொடுக்கிறது. 2023-ல் வந்த ஐ9-14900கே 24 கோர் என்று பெட்டியில் போட்டிருந்தாலும் பெரியவை எட்டுதான், மிச்சப் பதினாறும் சின்னவை.

அப்படியென்றால் ஏஎம்டிதான் ஏழைகளின் தோழனா? அப்படி நினைக்கிற ரசிகர்கள் 2005-ஐப் பார்க்க வேண்டும். ஏஎம்டியின் டூயல் கோர் இன்டெல்லுடையதைவிட நன்றாக இருந்தது. வெளியானபோது அதன் மிகக் குறைந்த மாடலே 537 டாலர், இன்டெல்லின் மலிவான டூயல் கோர் 241 டாலர்! பதினைந்து வருடம் கழித்து மறுபடியும் முன்னணிக்கு வந்தபோது ஆறு கோர் 3600எக்ஸின் 249 டாலரை 5600எக்ஸில் 299 ஆக்கியது. முந்தின தலைமுறையில் 199 டாலருக்கு இருந்த எளிய மாடலுக்கு வாரிசே விடவில்லை. 2022 ஜனவரியில் இன்டெல் ஆறு கோர் ஐ5-12400-ஐ இருநூறு டாலருக்குள் கொண்டு வந்தது. அந்த ஏப்ரலில் ஏஎம்டியின் 5600 கடைக்கு வந்தது. விலை? அதே 199.

சட்டை நிறம் மாறியது, கணக்கு மாறவில்லை. இணையத்தில் நீலக் கட்சி, சிவப்புக் கட்சி என்று இரவெல்லாம் சண்டை போடுகிறவர்களில் பாதிப் பேர், எதிர்க்கட்சி நன்றாக விற்றதால்தான் தங்கள் சிப்பை மலிவாக வாங்கினார்கள்.

ஏஎம்டியின் சாதாரண டெஸ்க்டாப் வரிசையில் உச்சம் 2019-ல் பதினாறு கோர். 2020-ன் 5950எக்ஸ் பதினாறு. 2022-ன் 7950எக்ஸ் பதினாறு. 2024 ஆகஸ்டில் வந்த 9950எக்ஸும் பதினாறு, விலை 649 டாலர். அந்த அக்டோபரில் இன்டெல்லின் புது வரிசையும் 24 கோரோடு நின்றுகொண்டது.