பின்வாசல் பிரயாணிகள்

சிட்டி ஸ்டேஷன் என்றே நாம் இன்றும் வழங்கிவருகிற, சங்கொள்ளி ராயண்ணாவின் பெயர் பூண்ட பெங்களூர் ரயில் நிலையத்துக்கு மெஜஸ்டிக்கை நோக்கிய முன்வாசலைப் போலவே ஒக்கலிபுரத்துப் பக்கம் பின்வாசலும் உண்டு. ஆனால், தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்கிற ஒக்கலிபுரம், ஸ்ரீராமபுரம் ஜனங்கள் அந்த வாசலுக்கு எப்படி நடந்துவருவார்கள் என்று சிந்தித்தவர் வெகு சிலரே.

இவ்வட்டாரத்தின் நெருக்கடியைத் தீர்க்க மாநகராட்சி வகுத்து, வருஷக்கணக்காக இழுத்துக்கொண்டு வந்த எட்டு வழிச் சாலையின் லட்சியம், வண்டிகள் சிக்னலில் நிற்காமல் செல்லவேண்டும் என்பதே. வண்டிகள் நிற்காத சாலையை நடப்பவர் எப்போது கடப்பது? சென்னையிலிருந்து பிருந்தாவன் எக்ஸ்பிரஸில் வந்திறங்கி, இடுப்பில் குழந்தையும் கையில் சக்கரப் பெட்டியுமாக வெளிவரும் ஒரு தாயைக் கவனியுங்கள். சாக்கடையை மூடிய கற்பலகைகளின் இடுக்கில் சக்கரம் மாட்டிக்கொள்ள, பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவள் சாலையிலேயே இறங்கி நடக்கிறாள். முதுகுக்குப் பின்னால் ஆட்டோக்கள் ஹாரன் அடிக்கின்றன. நடைபாதையில் தடையற்ற அகலம் 1.8 மீட்டருக்குக் குறையலாகாது என்று இந்தியச் சாலைக் காங்கிரஸ் வகுத்த நியமம் ஏட்டில் பத்திரமாக இருக்கிறது.

ரயில்வேயின் பொறுப்பு அதன் மதிலோடும், மாநகராட்சியின் அக்கறை தார்ச்சாலையோடும் முடிந்துவிட, இடையிலுள்ள சில நூறு அடி எவருக்கும் சொந்தமில்லாது போவதே இதற்கெல்லாம் மூலகாரணம். இங்கே மெட்ரோ நிலையம் 2016இல் திறந்தும், பத்தாம் பிளாட்பாரத்தோடு அதை இணைக்கும் நடைமேம்பாலம் ஆண்டுகள் சில கழித்தே வந்தது. வழி கிடைக்காதவர் தண்டவாளத்தைக் கடந்தால், 1989ஆம் வருஷ ரயில்வே சட்டத்தின் 147ஆம் பிரிவு ஆறு மாதம் வரை சிறைவாசம் விதிக்கும். நாடெங்கும் அவ்வாறு கடந்து மாள்பவர் ஆண்டுதோறும் ஏறத்தாழ 15,000 பேர் என்று, ரயில்வே பாதுகாப்பை ஆராய்ந்த காகோட்கர் குழு 2012இல் வேதனையோடு உரைத்தது. சட்டத்தைக் காட்டி அச்சுறுத்துவதைக் காட்டிலும் ஒரு படிக்கட்டைக் கட்டிக்கொடுப்பது மேலான நிர்வாகம் என்பது என் திடமான அபிப்பிராயம்.

செய்ய இயலாத காரியமன்று இது. சென்னை மாம்பலம் நிலையத்தையும் தியாகராய நகர் பேருந்து நிலையத்தையும் சேர்க்கும் 570 மீட்டர் ஆகாய நடைபாதை, 2023 மே மாதம் சுமார் 28 கோடி ரூபாயில் திறக்கப்பட்டது.

148 கிலோமீட்டர் நீளத்துக்குப் பெங்களூர் புறநகர் ரயில் திட்டம் உருவாகிவரும் இவ்வேளையில், ஒவ்வொரு நிலையத்தின் டெண்டரிலும் பிளாட்பாரத்தோடு கூடவே அண்டைத் தெரு வரையிலான நடைபாதையையும் சேர்த்தெழுதி, நடைபாதை முடியாமல் நிலையத்தைத் திறப்பதில்லை என்று கர்நாடக அரசும் ரயில்வேயும் உறுதி பூணவேண்டும்; அந்த நியமத்தை ஒக்கலிபுரத்துப் பின்வாசலிலிருந்தே தொடங்கவேண்டும்.