சிரிப்புக்குச் சொந்தக்காரர் யார்?

தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறிப் பாருங்கள். குரோம்பேட்டை தாண்டுவதற்குள் யாராவது ஒருத்தர் செல்போனில் 'கரகாட்டக்காரன்' வாழைப்பழ காமெடியைப் போட்டுவிடுவார். பக்கத்து சீட்டுக்காரரும் எட்டிப் பார்த்துச் சிரிப்பார். கவுண்டமணியை எல்லோருக்கும் தெரியும். செந்திலையும் தெரியும். சரி, 1989-ல் அந்த காமெடியை எழுதியவர் யார்?

ஏ.வீரப்பன். என்ன, முழிக்கிறீர்கள்? உங்கள் மேல் தப்பில்லை. டி.வி.யில் காமெடியை மட்டும் கத்தரித்துப் போடுகிறார்கள். எழுதியவர் பெயர் கத்தரியின் அந்தப் பக்கம் விழுந்துவிடுகிறது.

நம் சினிமாவில் சிரிக்க வைத்து எழுதுகிறவருக்குத் தன் சரக்கு தன்னிடமே இருக்க வேண்டுமென்றால் ஒரே வழிதான். முதலாளி ஆகிவிட வேண்டும். பஞ்சு அருணாசலம் அதைத்தான் செய்தார். கண்ணதாசனின் அண்ணன் மகன், அவருக்கே உதவியாளர். 1976-ல் 'அன்னக்கிளி' மூலம் இளையராஜாவைக் கொண்டுவந்தவர் என்று நமக்குத் தெரியும். ஆனால் 1979-ல் கமலுக்குப் பல்லை எடுப்பாக வைத்து 'கல்யாணராமன்', 1988-ல் ரஜினியையும் பிரபுவையும் சேர்த்து 'குரு சிஷ்யன்' என்று எழுதியதும் அவர்தான். படங்களைத் தயாரித்ததும் அவர் வீட்டு கம்பெனிதான். 1990-ல் 'மைக்கேல் மதன காமராஜன்' தயாரித்தபோது வசனத்தை கிரேசி மோகன் எழுதினார். தானே எழுதத் தெரிந்த முதலாளி, இன்னொருத்தர் எழுத்தை நம்பிப் பணம் போட்டார். அதுதான் பெரிய மனசு. 2016-ல் அவர் மறைந்தார்.

நல்லது. ஆனால் பேனா பிடிக்கிற எல்லோரும் ஃபைனான்ஸ் வாங்கிப் படம் எடுக்க முடியுமா? வட்டி கட்டுவாரா, வசனம் எழுதுவாரா?

"அதான் சம்பளம் வாங்கிட்டாரே சார், அப்புறம் என்ன?" என்பீர்கள். நான் பி.காம். படித்தவன், கணக்காகவே சொல்கிறேன். எழுத்தாளர் சம்பளம் ஒரே ஒரு தடவை வருகிற செலவு. அந்த காமெடியோ முப்பத்தைந்து வருஷமாக வரவு தருகிறது. 2009-ல் காமெடிக்கென்றே 'ஆதித்யா' சேனல் வந்தது. இன்று யூ டியூப். ஒரு பக்கம் வரவு ஏறிக்கொண்டே போகிறது, மறுபக்கம் எழுதியவர் பெயரே இல்லை. இந்த பேலன்ஸ் ஷீட்டில் எந்த ஆடிட்டர் கையெழுத்துப் போடுவார்?

சட்டத்துக்கே இது உறைத்தது. 2012-ல் காப்புரிமைச் சட்டத்தைத் திருத்தினார்கள். தியேட்டருக்கு வெளியே படம் பயன்படும்போது எழுதியவருக்கும் ராயல்டியில் சம பங்கு உண்டு, அந்த உரிமையை அவரே நினைத்தாலும் விட்டுக்கொடுக்க முடியாது என்று எழுதி வைத்தார்கள். பாட்டு எழுதுகிறவர்களுக்கு ராயல்டி வசூலிக்க ஐ.பி.ஆர்.எஸ். என்ற சங்கம் 1969-லிருந்தே இருக்கிறது. வசனத்துக்கு அந்த அளவு சத்தமாகக் கேட்பவர் யார்?

பணம் பெரிய பேச்சு, கோர்ட் வரை போகும். பெயருக்கு என்ன செலவு? திரையின் ஓரத்தில் 'எழுத்து: இன்னார்' என்று இரண்டு விநாடி போட்டால் எந்த சேனல் திவாலாகிவிடும்? விளம்பரத்துக்கு நிமிஷக்கணக்கில் இடமிருக்கிறது. நம்மைச் சிரிக்க வைத்த மனுஷனின் பெயருக்கு இடமில்லையாம்.

இதுதான் சார் உண்மையான காமெடி. சிரிப்புதான் வரவில்லை.