சுற்றி வந்தால் குறைச்சலா?

தெரிந்த பெண் ஒருத்தி பைலட் பயிற்சியில் சேர்ந்திருக்கிறாள். லீவுக்கு வந்தவள், "இறக்கும்போது சரியா அமையலை, மறுபடி மேலே ஏத்தி, ஒரு சுத்து வந்து இறக்கினேன்" என்றாள். அவ்வளவுதான்... "லட்ச லட்சமா கொட்டியும் ஒரே தடவைல இறக்கத் தெரியலையா?" என்று வீட்டில் எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள்!

சகோதரிகளே, பயிற்சிக்கு அதிகம் பயன்படும் செஸ்னா 172 போன்ற சின்ன விமானங்களில் தரையிறக்கம்தான் சிரமமான கட்டம். வேகம் கூடினாலோ, மூக்கைத் தூக்கப் பிந்தினாலோ, சக்கரம் தரையில் பட்டு விமானம் பந்து போல எகிறும். பயந்துபோய் மூக்கை அழுத்தினால், முன் சக்கரம் முதலில் மோதும். அதுதான், 'ஹார்ட் லேண்டிங்' விபத்துகளில் மோசமானது. முன் சக்கரத்தைத் தாங்கும் தகட்டுச் சுவர் நெளியும். ப்ரொப்பல்லர் தரையில் இடித்தால், இன்ஜினையே பிரித்துப் பார்க்க வேண்டும். அடுத்தடுத்து எகிறினால் அடியும் பலமாகும்.

இதற்கு மருந்து, தயங்காமல் முழு பவர் கொடுத்து மேலேறி, சுற்றி வருவதுதான். கொஞ்சம் எரிபொருளும் சில நிமிஷங்களும்தான் செலவு. கமர்ஷியல் லைசென்ஸுக்கு 200 மணி நேரம் பறந்தாக வேண்டும். சுற்றி வரும் நேரமும் அந்தக் கணக்கில்தானே சேர்கிறது?

வீட்டில் நாம் குத்திக்காட்டும் பேச்சு, ஓடுபாதைக்கு மேலே, 'எப்படியாவது இறக்கிடணும்' என்ற வீம்பாக மாறிவிடக் கூடாது. பைலட்டுக்குப் படிக்கும் பிள்ளைகளைப் பெற்றவர்களே, போனில், "ஒழுங்கா இறக்கினியா?" என்று கேட்காதீர்கள். "சரியா வரலைன்னா சுத்தி வா, ஒண்ணும் அவசரமில்லை" என்று சொல்லுங்கள்!

— ஒரு வாசகி, சேலம்.