அஞ்சடிக் கடையில் பார்த்த சம்பளச் சீட்டு

கிள்ளான் தெங்கு கிளானா சாலையில், பூக்கடைகளுக்கும் துணிக்கடைகளுக்கும் நடுவே அஞ்சடியில் புத்தகம் விற்கும் பெரியவர் ஒருவரை நமக்குப் பல வருசமாகத் தெரியும். ஒரு மடக்கு மேசை, அதன்மேல் பிளாஸ்டிக் விரிப்பு. அன்றைய தமிழ் ஏடுகள், பஞ்சாங்கம், திருக்குறள், பள்ளிப் பிள்ளைகளின் பயிற்சி நூல்கள், ஓரத்தில் தையல் பிரிந்த பழைய நாவல்கள். கடை இவ்வளவுதான். மழை வந்தால் எல்லாவற்றையும் மூடிவிட்டு, "உட்காரு தம்பி, விடட்டும்" என்பார். மழை விட்ட பிறகும் நாம் எழுந்திருப்பதில்லை.

அவரிடம் வாங்க வருகிறவர்களைவிடக் கேட்க வருகிறவர்கள்தாம் அதிகம். அண்மையில் ஒரு காலை நேரம் முழுக்க அங்கே இருந்து பார்த்தோம். ஓர் அம்மா வந்து, "அண்ணே, யூ.பி.எஸ்.ஆர். சோதனைப் புத்தகம் இருக்கா?" என்றார். "அதை 2021லேயே எடுத்துட்டாங்க தாயி. சோதனையைத்தான் எடுத்தாங்க, படிப்பை எடுக்கல" என்று ஒரு கதைப் புத்தகத்தை நீட்டினார் பெரியவர். அம்மா யோசித்துவிட்டு வாங்கினார். பிறகு வந்தவர் நாலு நம்பர் முடிவு பார்க்க ஏட்டைப் புரட்டினார். கைப்பேசியில் எழுத்து தெரியவில்லையாம். மடிக்காமல் அப்படியே போட்டுவிட்டுப் போனார். பெரியவர் ஒன்றும் சொல்லாமல் எடுத்து மடித்து வைத்தார். நமக்குத்தான் கோபம் வந்தது.

பதினோரு மணிக்கு வந்தவரால்தான் இதை எழுதுகிறோம். செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுகிறவர். சட்டைப் பையிலிருந்து சம்பளச் சீட்டை எடுத்து மேசைமேல் விரித்தார். 26 நாளும் பிரட்டுக்குப் போயிருக்கிறார். கைக்கு வந்தது அல்ல, பிடித்தம் எதுவும் போகுமுன் மொத்தமே 1,480 வெள்ளி.

"அண்ணே, ஆயிரத்து எழுநூறுன்னு போன்ல அனுப்புனாங்களே, அது எங்களுக்கு இல்லையா? மண்டோரைக் கேட்டா, 'அது மாசச் சம்பளக்காரனுக்கு. நீ டன் கணக்கு, வெட்டுனாத்தான் காசு'ங்கிறாரு."

பெரியவர் மேசைக்கு அடியில் இருந்த பழைய ஏட்டுக் கட்டை அவிழ்த்தார். தேடி ஒரு தாளை எடுத்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, விரல் வைத்து வாசித்தார். ஐந்து பேருக்குக் குறையாமல் வேலைக்கு வைத்திருக்கும் முதலாளிக்கு 2025 பிப்ரவரி 1 முதல், அதற்கும் குறைந்த ஆள் உள்ள இடங்களுக்கு அதே ஆண்டு ஆகஸ்டு 1 முதல், குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. டன் கணக்கு, துண்டு வேலை, நடைக் கணக்கு எதுவானாலும் மாதச் சம்பளம் அதற்குக் குறையக்கூடாது. வேலைக்கு வராத நாளுக்குக் கழிப்பது வேறு. இவர் ஒரு நாளும் தவறவில்லை. ஆக, அந்த ஒரு மாதத்தில் மட்டும் 220 வெள்ளி குறைகிறது. ஒரு பிள்ளையின் பள்ளி வேன் காசும் வீட்டுக்கு அரிசியும் அதில் அடங்கும்.

தோழர்களே, நாம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தோம். தொழிற்சங்க வேலையே நம் வேலை. இந்தக் கேள்வி நம்மிடம் வந்திருக்க வேண்டும். அவருக்கோ நம்மை யாரென்றே தெரியாது. சட்டம் வந்தபோது சுற்றறிக்கையை மலாயில் அச்சடித்து ஆபீஸ் பலகையில் குத்திவிட்டு, கடமை முடிந்தது என்று வந்தவர்கள் நாம். ஆபீசில் மேசை இருக்கிறது, பாரம் இருக்கிறது, "அப்புறம் வா" என்கிற வாய் இருக்கிறது. அஞ்சடியில் ஒரு ஸ்டூல் இருக்கிறது. மனிதன் எங்கே போவான்?

நாமும் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்தவர்கள்தாம். அப்பா சம்பள நாளில் ஓர் ஏடு வாங்கி வருவார். ஒருவர் வாசிக்க லயமே கேட்கும். கிராணி சொன்னதும் ஏட்டில் இருந்ததும் ஒன்றுதானா என்று அங்கேயே தெரிந்துவிடும். இதே கிள்ளான் வட்டாரத்தில் 1941இல் நடந்த வேலைநிறுத்தத்தில் கூலி உயர்வு மட்டுமா கேட்டார்கள்? கள்ளுக்கடையை மூடு, துரை எதிரே வந்தால் சைக்கிளைவிட்டு இறங்கச் சொல்லாதே என்றும் கேட்டார்கள். முன்னால் நின்ற ஆர்.எச். நாதன் 'தமிழ் நேசன்' ஏட்டில் துணையாசிரியராக இருந்தவர். 1924இல் பிறந்த அந்த ஏடு 2019இல் நின்றுபோனது. மேசையில் அது இருந்த மூலையில் பெரியவர் இப்போது ஊதுபத்தி விற்கிறார்.

கைப்பேசி வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் 1,700 என்ற எண்ணைக் கொண்டுவந்த செய்தி, டன் கணக்குக்காரனுக்கும் அது உண்டு என்பதைக் கொண்டுவரவில்லையே! அந்த ஒரு வரி ஏட்டில் இருந்தது. நாம் வாசிக்காத அந்த வரியில்தான் மண்டோர் நின்றுகொண்டு பேசுகிறார். ஆளுக்கு ஓர் ஏடு வாங்க முடியாவிட்டால் நாலு வீடு சேர்ந்து ஒன்று வாங்குங்கள். சம்பளம், சொக்சோ, வீடு பற்றி வருவதைக் கத்தரித்து வையுங்கள். பக்கத்து லயத்து வங்காளதேசிக்கும் இந்தோனேசியருக்கும் சொல்லுங்கள். இந்தச் சட்டம் அவர்களுக்கும் உண்டு. அவர்களைக் குறைந்த கூலியில் வைத்துக்கொண்டே நமக்கு மட்டும் எந்த நிர்வாகமும் கூட்டிக் கொடுக்கப் போவதில்லை.

அதற்கடுத்த திங்கட்கிழமை அந்தத் தோழரோடு தொழிலாளர் இலாகாவுக்குப் போனோம். சீட்டுகளைக் காட்டிப் புகார் எழுதிக் கொடுத்தாயிற்று. விசாரணைக்குக் கூப்பிடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அவரோடு குலை வெட்டும் இன்னும் இரண்டு பேர் தங்கள் சீட்டுகளைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

பழைய தாளுக்குப் பெரியவர் காசு வாங்கவில்லை. நாம் புறப்படும்போது மட்டும் கூப்பிட்டுச் சொன்னார்: "வேலை முடிஞ்சதும் அந்தப் பேப்பரைக் கொண்டாந்து கொடுத்துடு தம்பி. அடுத்த ஆளு வருவான்."