கைக்குற்றமா, கருவிக்குற்றமா?

சமையலில் ஏதேனும் பிசகு நேர்ந்தால் பழி யார் தலையில் விழும் என்பதை நேயர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. சாதம் குழைந்தால் அரிசியை யாரும் கோபிப்பதில்லை. சாம்பார் கரித்தால் உப்பை யாரும் கண்டிப்பதில்லை. சமைத்த கைதான் குற்றவாளிக் கூண்டில் ஏறி நிற்க வேண்டும். நம் வீடுகளில் புதிதாய்க் குடிபுகுந்திருக்கும் மின்சார ஓவன் விஷயத்திலும் இதே நீதிதான் நடக்கிறது. (சிலர் இதை 'அவன்' என்று எழுதுகிறார்கள். 'அவன் சூடாகிவிட்டது' என்று படிக்கும்போது அடுப்பைப் பற்றிய பேச்சா, வீட்டு எஜமானரைப் பற்றிய பேச்சா என்று மயக்கம் உண்டாவதால், நாம் ஓவன் என்றே எழுதுவோம்.)

இது வெறும் வேடிக்கை விஷயம் அன்று. திண்டுக்கல்லைப் போன்ற ஊர்களிலும் இன்று பெண்மணிகள் வீட்டிலேயே கேக்கும் பிஸ்கோத்தும் செய்து விற்றுக் குடும்பச் செலவில் பங்கேற்கிறார்கள். நேற்றுவரை பொன்னிறமாக வந்த கேக், இன்று மேலே கரிந்து உள்ளே மாவாக நின்றால் வெண்ணெயும் முந்திரியும் நஷ்டம்; சொன்ன நேரத்துக்குக் கொடுக்க முடியாததால் வாடிக்கையும் நஷ்டம். இவற்றையெல்லாம்விடப் பெரிய நஷ்டம், 'என் கைப்பக்குவம் போய்விட்டதோ?' என்று அவள் தன்னையே சந்தேகிப்பது. குற்றமோ, ஓவனுக்குள் பென்சில் கனமேயுள்ள ஒரு சிறு குச்சியினுடையதாக இருக்கலாம். விசாரணை இல்லாமல் தண்டனை விதிப்பது தர்மமாகுமா?

தோசைக்கல் காய்ந்துவிட்டதா என்று அறிய நம் வீட்டுப் பெரியவர்கள் நாலு சொட்டுத் தண்ணீர் தெளித்துப் பார்ப்பார்கள். ஓவனும் அவ்வாறே தன் உஷ்ணத்தைத் தானே சோதித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. குமிழைத் திருகி டிகிரி வைக்கும் சிறிய ஓவன்களில் பெரும்பாலும் ஈருலோகத் தகடோ, எண்ணெய் நிரம்பிய மெல்லிய குழாயோ இந்த வேலையைச் செய்கிறது. சூட்டில் அது விரிந்து மின்சாரத்தைத் துண்டிக்கும். ஆறினால் மீண்டும் சேர்க்கும். எண்கள் ஒளிரும் பெரிய ஓவன்களில் ஸென்ஸார் என்னும் குச்சி இருக்கும். அவற்றுள் பலவற்றில் பிளாட்டினத்தைக் காணலாம். பிளாட்டினம் சூடேற ஏற அதன் மின்தடை ஒரே ஒழுங்காக ஏறும். இதைக்கொண்டு உஷ்ணத்தை அளக்கலாம் என்று 1871-இல் வில்லியம் ஸீமன்ஸ் எடுத்துக் காட்டினார். 1887-இல் காலண்டர் என்னும் ஆங்கில விஞ்ஞானி அதை நம்பத்தக்க அளவுகோலாக்கினார். ஆராய்ச்சிச் சாலையின் அந்த நுட்பமே இன்று நம் சமையலறையில் குடியிருக்கிறது.

இனி விசாரணையைத் தொடங்குவோம்.

முதல் சாட்சி மின்சாரம். ஓவன் சூடேற வழக்கத்தைவிட நெடுநேரம் பிடித்து, கடைசியில் சரியான உஷ்ணத்துக்கே வந்து சேர்ந்தால், ஸென்ஸார் நிரபராதி. 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 180 வோல்ட் வந்தால், 2,000 வாட் ஓவன் சுமார் 1,225 வாட் வேலையே செய்யும். மேலே உள்ள சூட்டுக்கம்பி, கீழே உள்ள சூட்டுக்கம்பி இரண்டும் காய்கின்றனவா என்பதையும் கவனிக்க வேண்டும். கீழ்க்கம்பி அறுந்து மேல்கம்பி மட்டும் காய்ந்தாலும் கேக் மேலே கரிந்து, உள்ளே வேகாமல் நிற்கும்.

இரண்டாம் சாட்சி தனி உஷ்ணமானி. ஓவனுக்கென்றே விற்கும் உஷ்ணமானியை நடுத்தட்டில் வைத்து, 180 டிகிரிக்குத் திருப்பி, அரை மணி நேரம் காத்திருங்கள். ஓவன் உஷ்ணம் ஏறி இறங்கிக்கொண்டே இருப்பது இயல்பு. ஆகையால் ஒரு தடவை பார்த்துத் தீர்மானிக்காமல், உச்சத்தையும் தாழ்வையும் நாலைந்து முறை குறித்து நடுவெண்ணை எடுக்க வேண்டும். உஷ்ணமானி இல்லாத வீட்டில் சர்க்கரையே சாட்சி சொல்லும். வெள்ளைச் சர்க்கரை சுமார் 186 டிகிரியில் உருகும். 175-இல் கால் மணி நேரம் வைத்த சர்க்கரை உருகிவிட்டால் ஓவன் சொல்வதைவிட அதிகமாய்க் காய்கிறது. 195-இல் வைத்தும் உருகாமல் மணல்போல் கிடந்தால் குறைவாய்க் காய்கிறது. நெடுநேரம் வைத்தால் குறைந்த சூட்டிலும் சர்க்கரை நிறம் மாறும்; ஆகையால் கால் மணியோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

வித்தியாசம் எப்போதும் ஒரே அளவாக, பத்துப் பதினைந்து டிகிரிக்குள் இருந்தால் கலங்க வேண்டாம். சில ஓவன்களில் அதைத் திருத்திக்கொள்ள வசதி உண்டு. இல்லாவிட்டால் ஒரு சீட்டில் எழுதிக் கதவருகே சுவரில் ஒட்டிவிட்டால் போதும். வித்தியாசம் நாளுக்கு நாள் மாறினால், அல்லது ஓவன் பிழைக்குறி காட்டிக் காயவே மறுத்தால், ஸென்ஸாரைக் கூண்டில் ஏற்றலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. பிளக்கையே பிடுங்கிவிட்டு, ஓவன் முழுதும் ஆறிய பிறகே திறக்க வேண்டும். உத்தரவாதக் காலம் முடியாவிட்டால் திறக்கவே வேண்டாம். மைக்ரோவேவ் சேர்ந்த ஓவனை வீட்டில் யாரும் எக்காரணத்துக்கும் திறக்கலாகாது. பிளக்கைப் பிடுங்கிய பின்பும் அதனுள் உயிரைப் பறிக்கும் மின்சாரம் தங்கியிருக்கக்கூடும். மற்ற ஓவன்களிலும் பழக்கமில்லாதவர் மின்வேலை அறிந்தவரை வைத்துக்கொண்டே இதைச் செய்ய வேண்டும்.

பல ஓவன்களில் உள்ள பிளாட்டின ஸென்ஸாரின் கணக்கு இது: பூஜ்ய டிகிரியில் 1,000 ஓம், 100-இல் 1,385, 200-இல் சுமார் 1,758. குளிர்நாட்டுக் கைப்புத்தகங்கள் 'அறை உஷ்ணத்தில் 1,080 ஓம் இருக்க வேண்டும்' என்று சொல்லும். அது 20 டிகிரி அறைக்குப் பொருந்தும். சித்திரை மாதத் திண்டுக்கல்லில் 35 டிகிரி அறையில் மல்டி மீட்டர் 1,136 காட்டும். அதைக் கண்டு 'ஸென்ஸார் கெட்டுவிட்டது' என்று புதிது வாங்குவது வீண் செலவு. கெட்டது ஸென்ஸார் அன்று, கைப்புத்தகத்தின் பூகோள ஞானம்! நொறுக்கிய பனிக்கட்டி கலந்த நீரில் நுனியை மட்டும் அமிழ்த்தினால் 1,000-ஐ ஒட்டி வர வேண்டும். கொதிநீரில் 1,385-ஐ ஒட்டி வர வேண்டும். இதே ஜில்லாவின் கொடைக்கானலில் நீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதிப்பதால், அங்கே 1,358 வந்தால் சரி.

மீட்டர் முடிவில்லாத தடையைக் காட்டினால் கம்பி அறுந்திருக்கிறது. கணக்குக்கு மேல் காட்டினால், முதலில் இணைப்பு முனையைக் கழற்றித் துடைத்து மாட்டிப் பாருங்கள். அங்கே படிந்த பாசி நாற்பது ஓம் கூட்டினால், ஓவன் தன்னைப் பத்து டிகிரி அதிகச் சூடாக எண்ணிக்கொண்டு முன்னதாகவே ஓய்ந்துவிடும். ஈரம் புகுந்து தடை குறைந்தாலோ, போதாது என்று எண்ணிக் காய்ந்து கரித்துவிடும். வேறுவகை ஸென்ஸார்களில் சூடேறத் தடை குறையும். அவற்றுக்கு இக்கணக்கு செல்லாது. ஸென்ஸார் எல்லாச் சோதனையிலும் தேறிவிட்டால், கட்டுப்பாட்டுப் பலகையைக் கைதேர்ந்தவரிடம் காட்ட வேண்டியதுதான்.

சாவி திரும்பவில்லை என்றவுடன் பூட்டை உடைப்பவரைத் திண்டுக்கல்லில் யாரும் மெச்சமாட்டார்கள். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற பூட்டல்லவா நம் பூட்டு! ஓவனுக்கும் அந்தப் பொறுமை தகும்.

1929-இல் சிறந்த இராட்டினத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் பரிசு என்று அகில இந்திய சர்க்கா சங்கம் அறிவித்தது. அது இருபது வருஷம் உழைக்க வேண்டும், ரிப்பேர்ச் செலவு சொற்பமாக இருக்க வேண்டும் என்பன அந்தப் பரிசின் நிபந்தனைகள். பரிசை ஒருவரும் பெறவில்லை. ஆனால் ஏழையின் வீட்டு இயந்திரம் ஏழையால் பழுது பார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்ற கொள்கை நிலைத்தது. 2022 டிசம்பரில் இந்திய அரசாங்கம் பழுது பார்க்கும் உரிமைக்கென்று ஓர் இணையவாயில் திறந்ததும் அந்தக் கொள்கையின் வழிவந்ததென்றே நாம் கருதுகிறோம். உதிரிப் பாகம் தரமாட்டோம், புதிது வாங்குங்கள் என்று யாராவது சொன்னால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு முறையிடலாம்.

இராட்டினத்தின் கதிர் வளைந்தால் நிமிர்த்தத் தெரிந்த கைகள் நம் பாட்டிமார்களுடையவை. அவர்களுடைய பேத்திகள் ஒரு மல்டி மீட்டரைக் கண்டு அஞ்ச வேண்டிய அவசியமில்லை. அடுத்த முறை கேக் கரிந்தால், வீட்டிலுள்ளோர் அவள் முகத்தைப் பார்ப்பதற்கு முன் உஷ்ணமானியைப் பார்ப்பார்களாக.